மார்பில் ஏறி உட்காரும் பேய்

விடியற்காலம். கண் திறந்துவிட்டது, மின்விசிறி சுற்றுவதுகூடத் தெரிகிறது. ஆனால் விரலை அசைக்க முடியவில்லை, அம்மா என்று கூப்பிடக் குரல் வரவில்லை. மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். நம் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள்.

பேய் இல்லை. தூக்கத்தில் கண்விழிகள் வேகமாக உருளும் ஒரு கட்டம் உண்டு என்று 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வரும். கனவில் ஓடுகிறவர் நிஜமாகவே எழுந்து ஓடிவிடக் கூடாதே! அதனால் மூளை கை கால்களைக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டு அவிழும் முன்பே சிலசமயம் விழிப்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மூச்சை இயக்கும் உதரவிதானத்துக்கு அந்தக் கட்டு கிடையாது, மூச்சு நிற்காது. தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இந்த அனுபவம் அதிகம் வரும். உங்கள் பிள்ளை பயந்து வந்து சொன்னால், தாயத்து தேடி அலையாமல் பக்கத்தில் உட்கார்ந்து இதை எடுத்துச் சொல்லுங்கள்.