சஸ்பீரியா: அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது?

இந்த எபிசோடில் ஒரே பெயரில் வந்த இரண்டு படங்களைப் பற்றிப் பேசலாம். பெயர் ‘சஸ்பீரியா’. முதலாவது 1977இல் இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ எடுத்தது. இரண்டாவது 2018இல் ‘கால் மீ பை யுவர் நேம்’ எடுத்த லூகா குவாதன்யீனோவோடது. ரெண்டு படத்தோட கிளைமாக்ஸையும் சொல்லப் போறேன். ஸ்பாய்லர் ஆகாதுன்னு நினைக்கிறவங்க இங்கேயே பாஸ் பண்ணிட்டு, படத்தைப் பார்த்துட்டு வாங்க.

கதை இரண்டிலும் ஒரே வரிதான். ஒரு அமெரிக்கப் பெண் நடனம் கற்க ஜெர்மனிக்கு வருகிறாள். அவள் சேரும் இடத்தை நடத்துகிறவர்கள் சூனியக்காரிகள். அவ்வளவுதான். இந்த ஒரு வரியிலிருந்து இரண்டு படங்களும் எதிரெதிர் திசையில் போகின்றன.

முதலில் பழையது. அர்ஜென்டோ படத்தைப் பார்த்தவர்களிடம் கதை கேட்டால் திணறுவார்கள். நிறம் என்ன என்று கேட்டால் உடனே சொல்வார்கள். சிவப்பு, நீலம், பச்சை. ஒளிப்பதிவாளர் லுச்சானோ தோவோலி நிறத் துணிகளை விளக்குக்கு முன்னால் கட்டி, முகத்தின் மேலேயே நிறத்தைக் கொட்டினார். அது போதாதென்று, அன்றைக்கே வழக்கொழிந்து கொண்டிருந்த டெக்னிகலர் சாய அச்சு முறையில் பிரிண்ட் போட்டார்கள். அர்ஜென்டோ மனதில் இருந்த மாதிரி, டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’. குழந்தைக் கதை நிறங்கள்!

இன்னொரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பள்ளியின் கதவுக் கைப்பிடிகள் வழக்கத்தைவிட உயரத்தில் இருக்கும். முதலில் யோசித்தது சின்னப் பெண்கள் படிக்கும் பள்ளி. நடிக்க வந்தவர்கள் பெரியவர்கள் என்றானதும், கைப்பிடியை மேலே ஏற்றி அவர்களைக் குழந்தை அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். நமக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் பார்க்கும்போது உடம்பு சின்னதாகிற மாதிரி இருக்கும்.

அப்புறம் காப்ளின் குழுவின் இசை. பெரும்பகுதி வசனம் பின்னால்தான் டப்பிங் ஆனது என்பதால், படப்பிடிப்பிலேயே இசையைச் சத்தமாகப் போட்டு நடிகர்களை மிரட்டினார் அர்ஜென்டோ. ஹெட்போன் மாட்டிப் பாருங்க. மெட்டுக்கு அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரியும் முணுமுணுக்கிற மாதிரியும் கேட்கும்.

இந்தப் படத்தின் பலம், அது காரணம் சொல்வதில்லை என்பது. நடுவில் இரண்டு பேர் வந்து சூனியக்காரிகளைப் பற்றிச் சின்னதாக ஒரு லெக்சர் கொடுப்பார்கள். அதை எடுத்துவிட்டாலும் படம் நிற்கும். சாரா என்கிற பெண் தப்பி ஓடி ஒரு அறைக்குள் குதிக்கிறாள். அறை முழுக்கச் சுருள் சுருளாகக் கம்பி. நடனப் பள்ளியில் கம்பி அறை எதுக்கு? பதில் கிடையாது. கெட்ட கனவில் நாம் ‘எதுக்கு’ன்னு கேட்போமா?

ஆனா ரெண்டு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்தது.

ஒன்று, இது நடனப் பள்ளி பற்றிய படம். இதில் நடனம் கிட்டத்தட்ட இல்லை. நாயகி சூஸி ஒரு வகுப்பில் கொஞ்ச நேரம் ஆடி மயங்கி விழுகிறாள். அதோடு சரி.

இரண்டு, இது ஜெர்மனியில் நடக்கிற படம். அதில் ஜெர்மனி இல்லை. பார்வையற்ற பியானோ வாசிப்பவரை அவருடைய நாயே கடித்துக் குதறும் காட்சி நினைவிருக்கா? அதை எடுத்த இடம் மியூனிக்கின் கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கம். நாஜிக்கள் பெரும் கூட்டங்கள் நடத்திய இடம். படம் அதைப் பற்றி மூச்சு விடாது. வரலாறு ஃபிரேமுக்குள்ளேயே நிற்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குவாதன்யீனோ கை வைத்தது இந்த இரண்டு காலி இடங்களில்தான். நம்ம பாஷையில் சொன்னால், இது பழைய கோடை அப்படியே புது பிளாட்ஃபாரத்துக்கு போர்ட் பண்ணின வேலை இல்லை. ஸ்பெக்கை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதியது. ஏற்கெனவே நிரம்பியிருந்ததை அவர் தொடவில்லை. சிவப்பு, நீலம் போச்சு. படம் முழுக்கச் சாம்பலும் பழுப்புமாக, குளிர்கால வெளிச்சம். காப்ளினின் அலறலுக்குப் பதில் ரேடியோஹெட் தாம் யார்க்கின் சோகமான பியானோ. 98 நிமிடப் படம் 152 நிமிடம் ஆனது.

முதல் காலி இடம், நடனம். இந்தப் படத்தில் சூனியமே நடனம்தான். டேமியன் ஜாலே அமைத்த அசைவுகள் அழகாக இருப்பதில்லை. மூச்சு வாங்கும், தரையில் அடிக்கும். சூஸியாக வரும் டகோட்டா ஜான்சன் மேலே ஒரு அறையில் ஆடுகிறாள். கீழே கண்ணாடி அறையில் ஓல்கா என்கிற பெண் சிக்கியிருக்கிறாள். மேலே ஒரு கை வீசினால் கீழே ஒரு தோள் முறுகும். மேலே ஒரு குதி, கீழே ஒரு எலும்பு. ஆடுகிறவளுக்கு நடப்பது தெரியாது. தன் திறமை வெளியே வரும் சந்தோஷத்தில் இருக்கிறாள். அவள் நன்றாக ஆட ஆட இன்னொருத்தி உடைகிறாள். அர்ஜென்டோ படத்தின் கொலைகள் கண்ணுக்கு. இது நேராக மூட்டுக்கு வரும். ரெண்டாவது தடவை அந்தக் காட்சியை நான் மியூட் போட்டுத்தான் பார்த்தேன்.

இரண்டாவது காலி இடம், ஜன்னலுக்கு வெளியே. புதுப் படம் நடப்பது 1977இன் பெர்லினில், சுவரை ஒட்டிய தெருவில். செம்படைப் பிரிவின் குண்டுவெடிப்புகள், லுஃப்தான்சா விமானக் கடத்தல் எல்லாம் செய்தியாக ஓடிக்கொண்டிருக்கும். போருக்குப் பிந்தைய தலைமுறை, ‘நாஜிக் காலத்தில் நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க’ என்று பெற்றோரைக் கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்தக் குழு ஆடும் நடனத்தின் பெயர் ‘ஃபோல்க்’. ஜெர்மனில் ‘மக்கள்’. நாஜிக்கள் அழுக்காக்கிய சொல்.

இதற்குள் டாக்டர் கிளெம்பரர் என்கிற முதியவர் வருகிறார். போரில் தொலைந்த மனைவி ஆங்கேயை இன்னும் மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பவர். கிளெம்பரர், நடன ஆசிரியை மேடம் பிளாங்க், கிழச் சூனியக்காரி மார்க்கோஸ் மூவருமே டில்டா ஸ்வின்டன். ஆங்கேயாக வருவது 1977 படத்தின் சூஸி, ஜெஸிகா ஹார்ப்பர். இதை வெறும் கேமியோ ஜோக்காக விடாமல், பழைய படத்தின் முகத்தையே தொலைந்துபோன நினைவாக மாற்றியிருக்கிறார்கள்.

இப்போ ரெண்டு முடிவையும் பக்கத்தில் வைங்க. 1977இல் சூஸி சூனியக்காரியைக் குத்துகிறாள், கட்டிடம் எரிகிறது, மழையில் சிரித்தபடி வெளியே வருகிறாள். தீமை ஒரு கட்டிடத்துக்குள் இருந்தது, எரிந்தது, முடிந்தது. 2018இல் சூஸியே சூனியத்தின் தாய். கிளெம்பரரிடம் வந்து, அவர் மனைவி தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்த உண்மையைச் சொல்கிறாள். பிறகு அவர் நினைவையே துடைத்துவிடுகிறாள். கருணைதான். ஆனால் மறந்தது அவர் மட்டுமா? கடைசியில் நம் காலத்துக்கு வருகிறோம். அவர்கள் வாழ்ந்த வீட்டுச் சுவரில் இருவரின் பெயர் முதலெழுத்தும் ஒரு இதயமும். இப்போது அங்கே இருப்பவர்களுக்கு அது யாருடையது என்று தெரியாது.

பழைய படம் எனக்கு ராத்திரியில் பயம் தந்தது. புதுசு ஒரு கேள்வியைத் தந்தது: வலி போகட்டும் என்று நினைவையும் அழித்தால், நடந்ததற்கு யார் சாட்சி?

புதுசு முழுசா ஜெயிச்சுதுன்னு சொல்ல மாட்டேன். செய்தி வாசிப்பு சில இடங்களில் ஹோம்வொர்க் மாதிரி இருக்கு. கிளைமாக்ஸின் ரத்தக் களரி, அதுவரை கட்டின நிதானத்தைக் கலைக்குது. அர்ஜென்டோவுக்கே இந்தப் படம் பிடிக்கவில்லை. அவர் ரசிகர்களின் கோபமும் புரிகிறது: பயம் எங்கே, இசை எங்கே? ஆனால் அதே சிவப்பைத் திரும்பப் பூசியிருந்தால், ‘பழசுதான் பெஸ்ட்’னு சொல்லிட்டு ஒரே வாரத்தில் மறந்திருப்போம். ரீமேக் எடுப்பவர் மூலப்படத்தில் நிரம்பியதை நகலெடுத்தால் தோற்பார். காலியாக இருந்ததைத் தேடினால், தடுமாறினாலும் நமக்கு ஏதோ ஒன்று மிஞ்சும்.

பார்க்கிறவங்க 1977இல் ஆரம்பிங்க. விளக்கை அணைச்சு, சத்தத்தைக் கூட்டி. ஒரு வாரம் விட்டு 2018. நடுவில் அந்த வாரம் முக்கியம். பழசு கொஞ்சம் மறக்கணும்.

உங்களுக்குப் பிடித்த பேய்ப்படத்தில் எது காலியாக விடப்பட்டிருக்கிறது? யோசிச்சு எழுதுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அதுவரை பை!