சங்கரன்கோவில்ல யாரு?

(‘சென்னைக்குப் படிக்க வரும் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புகலிடம் வீடுகளே! விடுதிகளே!’ என்னும் பட்டிமன்றத்தில், ‘விடுதிகளே’ என்ற அணியில் பேசியது)

அன்பிற்கினிய நடுவர் அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் வீட்டுக்காரர்களே! (சிரிப்பு) வாடகை கொடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மையார், “வீடு என்றால் அன்பு இருக்கும், ரசம் இருக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேலே ஏன் லேட்டுன்னு கேட்க ஒரு ஆள் இருக்கும்” என்றார்கள். கேட்க ஆள் இருக்கும் என்பதை நான் மறுக்கவே இல்லை. என்ன கேட்பார்கள் என்பதில்தான் சண்டையே!

1990-ஆம் ஆண்டு. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எம்.ஏ. தமிழ் படிக்க வந்தேன். விரைவுப் பேருந்து பாரிமுனையில் இறக்கிவிட்டது. அப்புறம் அது கோயம்பேடு ஆச்சு, இப்போது கிளாம்பாக்கம் ஆகியிருக்கிறது. பேருந்து நிலையம் நகர்ந்துகொண்டே போகிறது. இடம் தேடுகிறவன் தவிப்பு மட்டும் நகரவே இல்லை.

நான் போனபோது கல்லூரி விடுதி நிறைந்துவிட்டது. ‘டூ லெட்’ பலகை பார்த்து ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஈஸிசேரில் பெரியவர். “தம்பி எந்தப் பக்கம்?” “தெற்கே ஐயா.” “தெற்கேன்னா?” “சங்கரன்கோவில்.” “ஓ! சங்கரன்கோவில்ல யாரு?” நான் வெள்ளந்தியாகச் சொன்னேன், “எங்க அப்பா, அம்மா, ஒரு தங்கச்சி.” (பலத்த சிரிப்பு)

அவர் சிரிக்கவில்லை. அவர் கேட்டது வேறு என்பது தெருமுனைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என்னோடு வந்தவன் மேலப்பாளையத்து நண்பன். அடுத்த வீட்டில் அவன் பேரைக் கேட்டார்கள். சொன்னான். “அடடா, நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு” என்றார்கள். பதினைந்து நாள் கழித்து அந்த வழியே போனோம். பலகை அப்படியே தொங்குகிறது! “நேத்து வந்தவர் இன்னும் குடி வரலை போலடா” என்றான் அவன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்குள்ளே முள்ளாகக் கிடக்கிறது.

கடைசியில் திருவல்லிக்கேணி மேன்சன். மேன்சனும் விடுதிதான் என்று நடுவர் தொடக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எதிரணி இனி அப்பீல் போக முடியாது. மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எத்தனை பேரு? ஒரு மாச அட்வான்ஸ். குளிக்கறதுன்னா அஞ்சரைக்குள்ள குளிச்சிடணும், அப்புறம் தண்ணி வராது.” அவ்வளவுதான் கேள்வி! நாலு கட்டில் போட்ட அறை. நான், மேலப்பாளையத்தான், நெல்லூரிலிருந்து சி.ஏ. படிக்க வந்த ஒருவர், மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர். ஜன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று. மூட்டைப்பூச்சிக்குக் கணக்கில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்த மூட்டைப்பூச்சிகூட யாரு என்னன்னு விசாரிக்காமல் எல்லாரையும் சமமாகக் கடித்தது! (கைதட்டல்)

அந்த ஊரின் மண் அப்படி. ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில். கொஞ்ச தூரம் நடந்தால் 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல்; ரம்ஜான் மாதத்தில் அங்கே நோன்பு திறக்க உணவு கொண்டுவந்து பரிமாறுகிறவர்கள் சிந்தி இந்துக்கள். பாரதியார் கடைசிக் காலத்தில் வாடகைக்குக் குடியிருந்ததும் அங்கேதான். 1913-இல் கணித மேதை இராமானுஜன், பல்கலைக்கழகம் கொடுத்த 75 ரூபாய் மாத உதவித்தொகையோடு குடியேறியது அங்கே அனுமந்தராயன் கோயில் தெருவில்தான்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு மஞ்சள் காமாலை. எதிரணி நண்பர், “காய்ச்சல் என்றால் மேன்சனில் கஞ்சி வைக்க யார் இருக்கா?” என்று கேட்டார். நெல்லூர்க்காரர் இருந்தாரய்யா! ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு ரிக்ஷாவில் மடியில் சாய்த்துக் கொண்டுபோனார். மேலப்பாளையத்தான் பரீட்சையை வைத்துக்கொண்டு, ரயிலில் என்னை ஊர்வரை கொண்டுவந்து விட்டான். எங்க அம்மா அவனுக்குத்தான் முதலில் இலை போட்டாள்.

“பொம்பளப் பிள்ளைக்கு மேன்சன் உண்டா?” என்று ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு எங்களைவிட அதிகம். அதற்காகத்தான் 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் கலெக்டரிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியாக வேண்டும். மகளைச் சேர்க்கப் போகிற பெற்றோர், மெத்தையை அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டுக்கும் சட்டம் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. அந்த ‘இல்லாவிட்டால்’ என்ற சொல்லுக்குள்ளேதான் பத்து மாச அட்வான்ஸ் பாய் விரித்துத் தூங்குகிறது! (சிரிப்பு)

சரி, இவ்வளவு பேசுகிறாயே, நீ யார் என்று கேட்பீர்கள். நானும் வீட்டுக்காரன். தாம்பரம் பக்கத்தில் கடன் வாங்கிக் கட்டிய வீடு; மாடி வாடகைக்கு. போன ஆண்டு இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். அசாமிலிருந்து பொறியியல் படிக்க வந்தவர்கள். மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். “ஃபேமிலிக்கு மட்டும்தான்” என்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே இருந்து என் மனைவி கேட்டாள், “போர்டுல அப்படி எழுதலையேங்க?”

நடுவர் அவர்களே, நான் பதில் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அந்த ஈஸிசேரில் அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்தேன். வீடுகள் புகலிடமா என்பதற்கு வேறு சாட்சி எதற்கு? எதிரணிக்கு எதிராக நானே சாட்சி.

அந்தப் பிள்ளைகள் அடுத்த தெருவில் ஒரு விடுதியில் சேர்ந்துவிட்டார்கள். காலையில் நான் பால் வாங்கப் போகிறபோது எதிரே வருகிறான் ஒருவன். முகம் திருப்பவில்லை. “வணக்கம் சார், சாப்ட்டீங்களா?” என்கிறான்! அவனுக்கு அந்தத் தமிழைச் சொல்லிக் கொடுத்தது தமிழ்ப் பேராசிரியர் வீடு இல்லை, விடுதி! (நீண்ட கைதட்டல்)

தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன்.