தவழும் வயதும் தண்ணீர் வரும் காலமும்



மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்த பின்னர், தஞ்சை மண்டலத்தின் வேளாண்மை இரண்டு தேதிகளைச் சுற்றியே அமைந்துவிட்டது: குறுவைக்காக ஜூன் 12இல் அணை திறக்கப்படுவதும், ஜனவரி 28இல் மூடப்படுவதும் மரபு, நீர் குறைந்த ஆண்டுகளில் திறப்பு பிந்துவதும் உண்டு. இந்தத் தேதிகளை நாற்றங்காலோடும் நடவோடும் பொருத்திக் கணக்கிடும் குடும்பங்கள், வீட்டில் பிறந்த குழந்தையின் வயதோடு அவற்றைப் பொருத்திப் பார்ப்பதில்லை. ஐப்பசியில் பிறந்த குழந்தை, ஆனியில் கொல்லை வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வரும் சமயத்தில் தவழத் தொடங்கியிருக்கும். இதைவிட இடர் மிகுந்த நிலையும் ஒன்றுண்டு. வாய்க்கால் வறண்டு மணலாகக் கிடக்கும் மாசியிலும் பங்குனியிலும் நடை பழகிய குழந்தை அந்த மணலையே தன் விளையாட்டிடமாக அறிந்துகொள்கிறது. மூன்று நான்கு மாதம் கழித்து அங்கே தண்ணீர் ஓடும்போதும் பழகிய கால்கள் அங்கேயே செல்கின்றன. முறைப்பாசனத்தில், அதாவது ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஏற்பாட்டில், நேற்றைய மட்டத்தைக் கொண்டு இன்றைய மட்டத்தைச் சொல்லவும் இயலாது.

ஆயினும், பிறந்த குழந்தையின் பெற்றோர் முதலில் அஞ்ச வேண்டிய நீர் காவிரியிலோ வெண்ணாற்றிலோ இல்லை. அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நீரில் மூழ்குதல் என்று மருத்துவம் குறிப்பது நீரினால் மூச்சு தடைப்படுவதையே. ஆழம் எவ்வளவு என்பது அந்த வரையறைக்குள் வருவதே இல்லை. கைக்குழந்தைக்கு உடலை நோக்கத் தலை கனம். தலைகுப்புற வாளிக்குள் விழுந்தால் கையூன்றி எழும் வலு அதற்குக் கிடையாது. மூச்சுக்கே வழியில்லாதபோது அலறவும் வழியில்லை. ஆகவே சத்தம் கேட்டால் ஓடிவரலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை ஏதும் இல்லை. குளியலறை வாளி, முற்றத்து அண்டா, மாட்டுக்கான கழுநீர்த் தொட்டி, பம்புசெட் தொட்டி ஆகியவற்றில் சில அங்குல நீரே உயிரைப் பறிக்கப் போதும். டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தொட்டிகளை மூடச் சொல்வது கொசுவுக்காக. அந்த மூடி கனமாகவும் இறுக்கமாகவும் இருந்தால் குழந்தைக்கும் காவலாகும். துணியைக் கட்டி மூடுவது கொசுவைத் தடுக்கலாம், குழந்தையைத் தடுக்காது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் சற்றேறக்குறைய கால் பங்கினர் ஐந்து வயது நிரம்பாதவர்கள். இதற்கு முதன்மையான காரணம் தாயின் அலட்சியம் என்று சொல்வது எளிது. ஆனால் அது நியாயமாகாது. நடவுக் காலத்தில் தாயும் பாட்டியும் சேற்றில் நிற்க, ஏழெட்டு வயது அக்காவின் இடுப்பில் குழந்தை இருக்கும் வீட்டில், எவரை நோவது? காவிரி டெல்டாவைப் போலவே ஆறும் குளமும் நெல்வயலும் சூழ்ந்த வங்கதேசம் இந்த இடத்தில்தான் வழி கண்டது. அங்கு 'ஆஞ்சல்' என்ற பெயரில், ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில் ஒரே வீட்டில் வைத்துக் காக்கும் கிராமக் காப்பகங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கு வந்த பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது மிகப் பெருமளவு குறைந்ததை ஆய்வுகள் காட்டின.

தமிழகத்தில் இதற்கு இணையான கட்டமைப்பு ஏற்கெனவே உள்ளது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் பசிக்காக வந்தது; ஆனால் இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள் நண்பகலில் அங்கன்வாடியில், ஒருவர் கண்பார்வையில் இருக்கவும் அது வழிசெய்தது. எஞ்சி நிற்கும் இடைவெளி, தவழத் தொடங்கியதிலிருந்து இரண்டு வயது நிரம்பும் வரையிலான காலம். அக்காலத்தில் மேற்பார்வை என்பது பார்வை எட்டும் தூரமன்று, கை எட்டும் தூரம்; அவ்வாறு ஒருவர் இருக்க இயலாத நேரத்துக்குக் கொல்லை வாசலில் குழந்தை திறக்க முடியாத ஒரு மூங்கில் படல் வேண்டும்.

டெல்டாப் பிள்ளை நீச்சலைத் தானே கற்றுக்கொள்ளும் என்று பெருமை பேசும் தந்தையர் உண்டு. அது பெரும்பாலும் மெய்யே, ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழித்து.

முதலுதவியிலும் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றுள்ளது. நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்குவதோடு, வாந்தியை நுரையீரலுக்குள் செலுத்திவிடவும் கூடும். மூச்சு நின்ற குழந்தைக்கு உடனே தேவை காற்று: கைக்குழந்தையாயின் அதன் மூக்கையும் வாயையும் சேர்த்துத் தன் வாயால் மூடி, நெஞ்சு மேலெழும் அளவுக்கு மெல்ல ஊதி, அசைவில்லையேல் நெஞ்சை அழுத்தி, இதற்கிடையே மற்றொருவர் 108க்குச் சொல்ல வேண்டும். மூச்சு திரும்பிய பின்னும் மருத்துவமனைக்குச் செல்வது கட்டாயம், ஏனெனில் சில மணி நேரம் கழித்தும் நிலை மோசமாகலாம். இதைச் செவிவழியாக அறிவது போதாது, பொம்மையை வைத்துக் கைப்பழக்கமாகப் பயில வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள் பேறுகாலப் பரிசோதனைக்கு வரும் தாயோடு தந்தைக்கும் இப்பயிற்சியை அளிக்கலாம்.

சொல்லித்தரும் நேரமும் அமைந்தே இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குக் குழந்தை வரும்போது அது தவழும் குழந்தை. தடுப்பூசி அட்டையைப் பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர், கொல்லையில் வாய்க்கால் உண்டா, தொட்டிக்கு மூடி உண்டா, நடவு நாளில் குழந்தை யாரிடம் என்ற மூன்று கேள்விகளை அப்போது கேட்டுவிடலாம்.

ஊராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மே 1 கிராமசபை கூடும்போது வாய்க்கால்கள் வறண்டிருக்கும். தூர்வாரும் பணியும் அந்த வாரங்களில்தான் நடக்கிறது. தூர்வாரிய வாய்க்காலின் கரை செங்குத்தாகி, விழுந்தவர் ஏறிவர இயலாதபடி ஆகிவிடுவதால், குடியிருப்பை ஒட்டி ஓடும் பகுதிகளில் கரையைச் சாய்வாக விடவும், மதகுகளின் ஓரத்தில் தடுப்புக் கம்பி அமைக்கவும், படல் வாங்க இயலாத வீடுகளுக்கு ஊராட்சியே படல் கட்டித்தரவும் அக்கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றினால், ஜூன் 12க்கு முன் வேலையை முடிக்க ஆறு வாரம் இருக்கிறது.