வாசல் யார் கையில்?

ஆதிக்கத்தின் அறத்தைப் பேசவரும் ஒருவர், பிறரை அடக்கி நடத்துவது பிழை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. அதுவும் வல்வெட்டித்துறையில் முடியவே முடியாது. இது கப்பலோட்டிய ஊர். இங்கே கட்டிய ‘அன்னபூரணி’ 1938இல் இவ்வூர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. நடுக்கடலில் காற்றுத் திரும்பும்போது பாயை இறக்கு என்று கப்பலை நடத்தும் தண்டையல் சொன்னால் அங்கே விவாதம் கிடையாது. ஆனால் அந்த அதிகாரம் பயணத்தோடு முடிகிறது. கரைக்கு வந்தபின் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த முறை வேறு கப்பலில் ஏற மாலுமிக்கு வழி உண்டு. கப்பல் பாறையில் ஏறினால் தண்டையல் ஊருக்குப் பதில் சொல்லவேண்டும். ஆகவே கட்டளையிடுவது எப்போது பிழையாகிறது என்பதைக் கட்டளையின் கடுமையைக் கொண்டு அளக்கமுடியாது. கட்டளைக்கு உட்பட்டவருக்கு விலகிப்போக வாசல் இருந்ததா, ஏன் என்று கேட்க இடம் இருந்ததா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இந்த அளவுகோலோடு தேசவழமையை எடுத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து யாழ்ப்பாணத்து முதலியார்கள் பன்னிருவர் சரிபார்த்த சட்டம் அது. அதன் அடிமைகள் பற்றிய பகுதியில் சவுக்கோ சங்கிலியோ முன்னுக்கு வருவதில்லை. எசமானின் சம்மதம் இல்லாமல் அடிமை திருமணம் செய்யக்கூடாது. சம்மதித்தால் கலியாணச் செலவு பெரும்பாலும் எசமானுடையது. பிறக்கும் பிள்ளை தாயின் எசமானுக்கு உரியது. இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் விளங்கும். செலவு செய்து கட்டிவைத்த எசமான் நல்லவராகவே இருந்திருக்கலாம். நம் ஊர்களில் ‘அடிமை குடிமை’களை வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தோம் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கலியாணம் ஒருவர் மனம் வைத்தால் நடப்பது, வைக்காவிட்டால் நடக்காதது. தயவு இருந்தது என்பதே உரிமை இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி. 1844இல் பிரித்தானியர் சட்டத்தால் அடிமைமுறையை ஒழித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் தேநீர்க்கடையில் தனிப் பேணியும் கோயிலில் மூடிய வாசலும் அதற்குப் பிறகு நூறு ஆண்டு தாண்டியும் நிலைத்தன.

கோயில் வாசலில்தான் இந்தக் கதையின் முடிச்சு விழுகிறது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக வந்த ஒடுக்கப்பட்ட சாதியாரைத் தடுத்து நின்றவர்களின் முன்னணியில் இருந்தவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், தனி ஈழம் வேண்டும் என்று முதலில் வெளிப்படையாகக் கேட்டவர்களில் ஒருவர். அவர்மீதான வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போயிற்று. இதை வெறும் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. கொழும்பு எங்களை ஆளக்கூடாது என்ற வாதமும், எங்கள் கோயில் வழமையில் எவரும் கைவைக்கக்கூடாது என்ற வாதமும் அவருக்கு ஒரே வாதமாகவே தெரிந்திருக்கவேண்டும். ‘நாங்கள்’ என்பதற்குள்ளே யார் வாசலுக்கு வெளியே நிற்கிறார் என்ற கேள்வி மட்டும் அதில் எழவில்லை.

அந்தக் கேள்வி எழாமலே வளர்ந்த விடுதலைப் போராட்டத்துக்கு இந்த ஊரோடு உள்ள உறவு எல்லோரும் அறிந்தது. 1990இல் குடாநாடு விடுதலைப் புலிகளின் கைக்கு வந்தபின் நடந்த இரண்டை அருகருகே வைக்கிறேன். தமிழர் வெளியே போவதென்றால் பாஸ் எடுக்கவேண்டும். திரும்பி வருவதற்கு ஓர் ஆளைப் பிணை வைக்கவேண்டும். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேறச் சொன்னார்கள். ஒருவர் போக முடியாது, மற்றவர் இருக்க முடியாது. இரண்டுக்கும் சொன்ன காரணம் பாதுகாப்பு.

போர்க்காலத்தில் வேறு வழி இல்லை என்பார்கள். சனமெல்லாம் போய்விட்டால் மண் யாருக்கு என்ற கேள்வியின் கனத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் தண்டையலின் கட்டளைக்குக் கரை உண்டு. இந்தக் கட்டளைக்கு எது கரை என்பதைக் கட்டளையிட்டவரே தீர்மானித்தார், கேட்டவரைத் துரோகி என்றார். இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: 1989 ஓகஸ்டில் இதே ஊரில் இந்திய இராணுவம் பொதுமக்களைக் கொன்று வீடுகளை எரித்தது, 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனையோ இளைஞரை விசாரணையின்றி அடைத்தது, பெரிய கொடுமையை விட்டு எங்கள் குறையைத் தோண்டுவானேன்? அந்தச் சட்டத்தை நாம் எதிர்த்தது அது சிங்களவர் இயற்றியது என்பதற்காக அல்ல, பிடித்தவரிடம் காரணம் கேட்க முடியாது என்பதற்காக. அந்த நியாயத்தை நமக்கு மட்டும் தளர்த்தினால், சட்டத்தை எதிர்க்க நம்மிடம் வெறும் இனப்பெயர்தான் மிஞ்சும்.

இது முடிந்துபோன வரலாறும் அல்ல. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; கணவன் தன் காணியை விற்க அவளுடைய கையொப்பம் தேவையில்லை. சீதனத்தைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். கணவன் காணாமற்போன பெண் உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போனால், அவர் முதலில் கேட்பது அந்தக் கையொப்பத்தை. அது இல்லையென்றால் அவள் மாவட்ட நீதிமன்றம் ஏறி, தன் காணியை விற்கத் தனக்கு அனுமதி கேட்கவேண்டும். இன்றைய முதல் அமர்வை அந்தச் சட்டத்தோடு தொடங்குமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.