கூகையின் சிறகும் டிரோனின் காற்றாடியும்

சென்ற ஆண்டு மேருவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் கோயிலில் திருவிழா. சாமி புறப்படுகிற நேரம். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்தில் இருக்கையில், தலைக்கு மேலே குளவிக் கூட்டம் கலைந்ததுபோல் ஓர் இரைச்சல். அண்ணாந்து பார்த்தால், படம் பிடிக்கிற டிரோன். என்னிடம் படித்த பையன் ஒருவன்தான் அதை இயக்கிக்கொண்டிருந்தான். கோயில் தலைவர் கையை ஆட்டி, இறக்கச் சொல்லிவிட்டார். லயத்தில் தூங்கிய கைக்குழந்தை வீறிட்டு அழுதது வேறு. பையனுக்குப் பேசிய பணத்தில் பாதிதான் கிடைத்தது. செம்பனை ஆலையில் இரவு வேலை பார்க்கும் அப்பாவின் சேமிப்பில் வாங்கிய கருவி அது. மறுநாள் வந்து, "சார், இந்தச் சத்தத்தைக் குறைக்க வழியே இல்லையா?" என்று கேட்டான். அவனுக்குத் தேடிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

டிரோனின் சத்தம் மோட்டாரிலிருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கிறோம். மோட்டாருக்கும் சிறு பங்கு உண்டு. ஆனால் பெரும்பங்கு காற்றாடியுடையது. வீட்டு மின்விசிறியையே பாருங்கள். ஒன்றாம் எண்ணில் அது சுற்றுவதே தெரியாது. ஐந்தாம் எண்ணில் வைத்தால் பேச்சுக் கேட்காது. மோட்டார் அதேதான், இறக்கை காற்றைக் கிழிக்கிற வேகம்தான் மாறியிருக்கிறது.

சிறு டிரோனின் காற்றாடி, முனைக்கு முனை சுமார் 21 சென்டிமீட்டர் என்றும், நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், இறக்கையின் நுனி மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் எந்தக் காரும் போகக்கூடாத வேகம்! இறக்கைக்கு அடியில் அழுந்திய காற்று, நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிச் சுழியாகிறது. ஆற்றில் துடுப்புப் போட்டால் அதன் ஓரத்தில் சுழி உண்டாகிறதல்லவா, அதைப் போல. ஒவ்வோர் இறக்கையும் காற்றை அடிக்கிற அடியும், இந்தச் சுழிகளின் குழப்பமும் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் இரைச்சல். நுனி வேகம் கூடக்கூட, சத்தம் அதைவிட வேகமாக ஏறிவிடும்.

இதற்கு விடை நம் தோட்டத்திலேயே பறந்துகொண்டிருக்கிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே கம்பத்தின் மேல் மரப்பெட்டி கட்டியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். எலிகளை ஒழிப்பதற்காக 1980-களிலிருந்து மலேசியத் தோட்டங்களில் பரவிய ஏற்பாடு அது. பெட்டியில் குடியிருப்பது கூகை. ஆந்தை இனம் என்பதால் அபசகுனம் என்று நம் வீடுகளில் அதை விரட்டுகிறோம். உண்மையில் சம்பளம் வாங்காத காவல்காரன் அது. அலறல் நமக்குக் கேட்கும். ஆனால் பறந்துவரும் சத்தம் எலிக்குக் கூடக் கேட்காது.

அது எப்படி? 1934-இல் கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி இதை ஆராய்ந்து எழுதினார். ஆந்தைச் சிறகில் அவர் மூன்றைக் கண்டார்: முன்விளிம்பில் சீப்புப் பல்போன்ற முடிவரிசை, பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் பட்டுப்போன்ற மென்மயிர். இவை காற்றின் பெரிய சுழிகளைச் சிறு சிறு சுழிகளாக உடைத்துவிடுகின்றன. ஜப்பானியர் இதைப் பார்த்துத்தான், 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை அதிவேக ரயிலில், கூரை மேலிருந்து மின்சாரம் எடுக்கும் கையின் ஓசையைக் குறைத்தார்கள்.

ஆனால் சீப்பும் குஞ்சமும் பாதிக் கதைதான். கூகையின் உடல் எடை குறைவு, சிறகோ பெரிது. ஆகவே அது நிதானமாகப் பறந்தாலே போதும். டிரோனுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். காற்றாடியின் நீளத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், அதே எடையைத் தூக்க 5,000 சுற்றுக்குப் பதில் ஏறத்தாழ 4,100 சுற்றே போதும். நுனியின் வேகமும் குறைகிறது. அதற்காக ஏதோ ஒரு நீளக் காற்றாடியை மாட்டிவிடக்கூடாது. ஒன்றோடொன்று மோதும், மோட்டாரும் தாங்காது.

சீனாவின் ஷென்ஜென் நகரில் இருக்கும் டிஜேஐ நிறுவனம், 2017-இல் மேவிக் புரோ பிளாட்டினம் என்ற டிரோனை வெளியிட்டது. காற்றாடி நுனியின் வடிவத்தையும் மோட்டாருக்கு மின்சாரம் செலுத்தும் முறையையும் மாற்றி, சத்தத்தை 4 டெசிபல் வரை குறைத்ததாக அறிவித்தார்கள். ஒலியின் ஆற்றலில் 60 விழுக்காடு குறைவு என்றும் விளம்பரம் வந்தது. இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் நம் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஓசை பாதியாகிவிட்டது என்று காது உணர 10 டெசிபல் குறையவேண்டும். 4 டெசிபலில் கால்பங்கு குறைந்ததாகத்தான் தோன்றும். எனினும், சீறல் தணிந்து ஒலி மென்மையாவதும் ஆறுதல்தான்.

ஆகவே பையனிடம் முதலில் சொன்னது, காசு செலவில்லாத வழி. பத்து மீட்டர் தூரத்தில் இருப்பதை இருபது மீட்டருக்குத் தள்ளினால் 6 டெசிபல் குறையும். நாற்பது மீட்டருக்குத் தள்ளினால் 12. எந்தப் புதுக் காற்றாடியும் இதைத் தராது. தலைக்கு நேர்மேலே பறக்க வேண்டாம். பக்கவாட்டில் எட்டி நின்றே படம் எடுக்கலாம். காற்றாடி அறுந்து விழுந்தாலும் ஆள் தப்பும். உயரத்துக்கும் எல்லை உண்டு: 400 அடிக்கு மேல் அனுமதியின்றிப் பறக்கக்கூடாது. கூட்டத்தின் அருகே பறப்பதற்கும் விதிகள் உள்ளன. மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, இறக்கைகளைத் தடவிப் பார்ப்பது. மின்கலத்தைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்கவேண்டும். அவனுடைய டிரோனில் இரண்டு இறக்கைகளின் ஓரம் புல்லில் பட்டுப் பல்பல்லாகப் பெயர்ந்திருந்தது. கூகையின் பல் வேறு, இந்தப் பல் வேறு! பெயர்ந்த ஓரம் எடைச் சமநிலையைக் கெடுத்து, முழுக் கருவியையும் அதிரவைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க நினைத்தான், வேண்டாம் என்றேன். புதிது மாட்டுவதே நல்லது. நான்கில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றும். இடம் மாற்றி மாட்டினால் டிரோன் சரியாக எழும்பாது. தயாரித்தவரே அந்த மாடலுக்குக் குறைந்த ஓசைக் காற்றாடி விற்றால், அதை வாங்கலாம்.

வளையம் போன்ற புதுக் காற்றாடி ஒன்றும் பேசப்படுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி லிங்கன் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 2022-இல் விருது பெற்றது. கருத்து நல்லதுதான். அதைப் பார்த்து யார் யாரோ பிளாஸ்டிக்கில் அச்சிட்டு விற்பதை நம்பி, பாடுபட்டு வாங்கிய கருவியில் மாட்ட நான் சொல்லமாட்டேன்.

இந்த ஆண்டுத் திருவிழாவில் பையன் வாய்க்காலுக்கு அப்பால், திடலிலிருந்து டிரோனை ஏற்றினான். லயத்துப் பக்கம் வரவில்லை. சத்தம் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். தவில் ஓய்ந்த இடைவெளியில் காது கொடுத்தால் கேட்டது. கோயில் தலைவர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். கையை ஆட்டவில்லை. பேசிய பணம் முழுவதும் அன்றே அவன் கைக்கு வந்தது.