வீட்டுக்காரர் துபாயில், வரிப் பொறுப்பு குடித்தனக்காரர் தலையில்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவருக்குச் சென்னை பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது, மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடித்தனக்காரர் மாதாமாதம் முழுத் தொகையையும் தாம்பரத்தில் இருக்கும் வீட்டுக்காரரின் அம்மா கணக்கில் போட்டுவிடுகிறார். இருவருக்கும் இதில் தவறேதும் தெரிவதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில், மாட்டிக்கொள்பவர் குடித்தனக்காரர்.

வீட்டுக்காரர் உள்ளூரில் வசிப்பவராக இருந்தால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் சாதாரணக் குடித்தனக்காரர் வாடகையிலிருந்தே 2 சதவீத வரியை (டி.டி.எஸ்.) பிடிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியரான (என்.ஆர்.ஐ.) வீட்டுக்காரர் என்றால் அந்த வரம்பு கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு சொன்னது இது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு, கடமை மாறவில்லை. வாடகை அம்மா கணக்குக்குப் போனாலும் வருமானம் வீட்டு உரிமையாளருடையதுதான்.

இதற்காகக் குடித்தனக்காரர், வரி பிடிப்பவருக்கான டான் எண் வாங்க வேண்டும், அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்கத் தவறினால் அந்த வரியும் மாதம் 1 சதவீத வட்டியும் அவரிடமே கேட்கப்படும். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கு இது பெரிய சுமை.

நாள் வாடகை வீடுகளில் சிக்கல் இன்னும் கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கொடைக்கானலிலும் வெளிநாட்டில் இருந்துகொண்டே வீடுகளை நாள் கணக்கில் விடுபவர்கள் உண்டு. முன்பதிவுச் செயலிகள் உள்ளூர் உரிமையாளருக்குப் பிடிப்பது வெறும் 0.1 சதவீதம். அந்தச் சலுகை விகிதம் இந்தியாவில் வசிப்போருக்கு மட்டுமே. வெளிநாடு போன பிறகும் செயலியில் பழைய வசிப்பிட விவரத்தை மாற்றாமல் வைத்திருப்பவர் வரியைச் சேமிக்கவில்லை, தள்ளிப்போடுகிறார். குடியிருக்க விடும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. விடுதிபோல நாள் கணக்கில் விட்டால் அது பொருந்தாது. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். படுக்கை விரிப்பு, துப்புரவு, காலை உணவு என்று சேவைகள் சேரும்போது வருமானமே வியாபார வருமானமாகக் கருதப்படலாம்.

மாத வாடகையில் 31.2 சதவீதம் பிடித்தால் வீட்டுக்காரருக்கு நட்டமில்லையா? பள்ளிக்கரணைக் கணக்கையே பார்ப்போம். ஆண்டு வாடகை 4,80,000 ரூபாய், பிடித்தம் 1,49,760 ரூபாய். ஆனால் வீட்டு வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு. அது போக மிஞ்சுவது 3,36,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. வேறு இந்திய வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணம் முழுதும் திரும்பி வரும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர், குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கலாம். பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை என்பதால் சென்னை வாடகைக்கும் வரி இல்லை என்று நினைப்பது தவறு. வீடு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு வரி கேட்கும் உரிமை உண்டு. அமெரிக்காவில் வசிப்பவர் அங்கேயும் இந்த வருமானத்தைக் காட்ட வேண்டும். இங்கே கட்டிய வரிக்கு அங்கே ஈடு கேட்கலாம்.

எனவே வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை ஒப்பந்தம் எழுதும் அன்றே நீங்கள் என்.ஆர்.ஐ. என்பதை அதில் எழுதுங்கள். டான் எண் வாங்குவதற்கும் கணக்குத் தாக்கலுக்கும் ஆகும் ஆடிட்டர் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். குடிபோகும் நேயர்களே, முன்பணம் கொடுக்கும் முன், வீட்டுக்காரர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்று தயங்காமல் கேளுங்கள்.