கூழும் காகிதமும்



என் பெட்டியில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, என் பாட்டனார் காலத்து நிலப் பத்திரம். மற்றொன்று, என் தந்தையார் பள்ளியில் பரிசு பெற்ற செய்தி வெளியான பத்திரிகைத் துண்டு. மூத்த தாளாகிய பத்திரம் இன்றும் மடித்தால் மடிகிறது. இளைய தாளோ பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறது. இதன் காரணம் அவை பிறந்த கூழில் இருக்கிறது.

காகிதம் என்பது நார்களின் பின்னலே. நீரில் கரைத்த நாரைச் சல்லடையில் வார்த்து, வடித்து, அழுத்தி உலர்த்தினால் தாள் கிடைக்கும். பத்திரம் கந்தல் துணியின் நாரால் ஆனது. கந்தல் போதாமற்போகவே, 1840களில் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தைச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழாக்கினார். இம்முறையில் மரத்தின் 90 விழுக்காட்டிற்கு மேல் கூழாகும்; ஆதலால் செய்தித்தாளுக்கு ஏற்ற மலிவு உண்டு. ஆனால் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்னும் பொருளும் கூழிலேயே தங்கிவிடுகிறது. ஒளிபட்டால் அது பழுப்பேறும். தாளிலுள்ள அமிலம் நாரை மெல்ல அறுக்கும்.

மரச் சீவலைக் காரக் கரைசலில் வேகவைத்தால் லிக்னின் கரைந்துவிடும். 1879-இல் கார்ல் டால் கண்ட இம்முறைக்குக் 'கிராஃப்ட்' என்று பெயர்; ஜெர்மன் மொழியில் வலிமை என்பது பொருள். வலிமைக்கு விலையும் உண்டு: மரத்தில் ஏறத்தாழப் பாதியே கூழாகும்.

மரந்தான் வேண்டுமென்பதில்லை. 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை, கரூரை அடுத்த புகளூரில் கரும்புச் சக்கையைக் கூழாக்குகிறது. சக்கையிலுள்ள சோற்றை நீக்கிய பின்னரே நார் பயன்படும்.

பழைய காகிதமும் மீண்டும் கூழாகும். அதை நீரில் ஊறவைத்துக் கடைந்து, ஊசி கம்பிகளை அகற்றி, சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் காற்றுக் குமிழிகளைச் செலுத்துவார்கள். மை நுரையோடு மேலே வந்துவிடும். எனினும் ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிறது, விறைக்கிறது. முடிவில் சல்லடைக் கண்ணிலேயே நழுவிப்போகிறது. ஆகவே புதிய நாரின் துணையின்றிப் பழைய நார் நெடுங்காலம் உழைக்க இயலாது.

எனவே உங்கள் பழைய நோட்டுப் புத்தகங்களை எடைக்குப் போடும்போது, எண்ணெய் பட்ட பொட்டலத் தாளை அவற்றோடு கலவாதீர்கள். எண்ணெய் கலந்தால், இன்னும் உழைக்க வேண்டிய நாரும் குப்பைக்குப் போய்விடும். நிலைத்திருக்க வேண்டியதையோ நல்ல தாளில் எழுதிவையுங்கள். தந்தையாரின் பெயர் முற்றும் உதிர்ந்துபோகுமுன், அந்தச் செய்தியை நானும் அவ்வாறே படியெடுத்து வைத்திருக்கிறேன்.